ஓட்டையே இல்லாத படகு

பஸ்ஸை விட்டு இறங்கி நான் நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். டிரைவரும் கிளீனரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது பின்னால் கொஞ்ச தூரம் வரை கேட்டது. காம்பட்கி மலைப்பாதையை எப்படியோ ஏறி முடித்த பஸ், இறக்கத்தில் புகை கக்கி நின்றுவிட்டது. கோவாவில் ஏறிய முப்பது பேரும் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம்.

தோளில் ஒரு பை. கையில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் தேங்காய் அளவில் ஒரு விசிறி. அதைப் புனேக்குப் பக்கத்தில் போசரியில் ஒரு பட்டறையில் கொடுக்க வேண்டும். அங்கே நிற்கும் படகில் பொருத்த வேண்டும். பிறகு அந்தப் படகை முதல் தடவையாக அணைத் தண்ணீரில் ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். கோவா முதலாளி எனக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான்.

இரண்டு கிலோமீட்டர் நடந்திருப்பேன். தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. டிரைவர் மராத்திக்காரர். பெட்டியைப் பார்த்து என்ன என்று கேட்டார். படகுக்கு விசிறி என்றேன்.

“எங்கே படகு?”

“போசரியில்.”

அவர் ஷிர்வல் வரும்வரை சிரித்தார். “போசரியில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீரே லாரியில் வருகிறது. படகு எதில் மிதக்கும், டிரம்மிலா?” என்றார். புனே மார்க்கெட்டில் இறக்கிவிடும்போது இரண்டு தக்காளி கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அன்று ராத்திரி ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்கினேன்.

மறுநாள் காலை மிசல் சாப்பிட்டேன். முளைகட்டிய பயற்றின் மேல் செக்கச்சிவந்த எண்ணெய்க் குழம்பை ஊற்றி, அதன் மேல் மிக்சரைத் தூவி, பக்கத்தில் பன் வைத்துத் தருகிறார்கள். குழம்பில் மிக்சரைப் போட எங்கள் தூத்துக்குடியில் யாருக்கும் தோன்றியதில்லை. முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

இரண்டு பஸ் மாறிப் போசரி போய்ச் சேர்ந்தால், தொழிற்பேட்டை முழுக்கச் சாத்திக் கிடக்கிறது. லேத் சத்தம் இல்லை, லாரி இல்லை, டீக்கடைகூட இல்லை. ஏதோ கலவரம் என்று நினைத்துச் சுவர் ஓரமாக ஒதுங்கினேன். பட்டறை வாட்ச்மேன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இன்று வியாழக்கிழமை அல்லவா?” என்றார். ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை என்றால் போசரிக்கு வியாழன். பட்டறைக்குள் எட்டிப் பார்க்கக்கூட அவர் விடவில்லை. “மாலக் வந்தால்தான் திறப்பேன்” என்றார். மாலக் என்றால் முதலாளி. என் இந்தியைக் கேட்டதும், “மதராசியா? எங்கள் பெயிண்ட் ஷாப்பில் ரேணுகா இருக்கிறாள். பிம்ப்ரியில் வீடு. அங்கே போ” என்று போன் போட்டுக் கொடுத்தார்.

ரேணுகா அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பாட்டன் காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். பேசுவது தமிழ்தான். ஆனால் கடைக்குப் போகும் பேச்சு வந்தால் இந்தி, கோபம் வந்தால் மராத்தி. அவர் கணவர் தனபால் ஆகுர்டியில் கார் கம்பெனியில் வேலை செய்பவர். ஷிப்ட் முடிந்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

“தூத்துக்குடியா? கப்பல் ஊரு. நீந்தத் தெரியுமா?” என்றார் தனபால்.

“தெரியும் அண்ணே.”

“அப்ப நீ இன்னாத்துக்கு டென்ஷன் ஆவப்போற? எங்க வூட்டம்மா பண்ண போட்ல நீந்தவே வாணாம். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது.”

சப்பாத்தியும் காரக்குழம்பும் போட்டார்கள். சப்பாத்தியைப் பிய்த்துக் காரக்குழம்பில் முக்கித் தின்னும் தமிழ்க் குடும்பத்தை அன்றுதான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிடும்போது அக்கா தன் பழைய வேலையைச் சொன்னார்.

“கார் லைன்ல கடைசியா ஷவர் டெஸ்ட்னு ஒண்ணு கீது தம்பி. வண்டிய ரூம்ல நிறுத்தி நாலா பக்கமும் மழை மாதிரி தண்ணி அடிப்பாங்கோ. அப்புறம் நானு லைட்ட புடிச்சிகினு உள்ள பூந்து, கார்பெட்ட தடவிப் பாப்பேன். கைல ஈரம் பட்டுச்சா, வண்டி ரிட்டர்ன். பதினோரு வருசம். என் கைய ஏமாத்தி ஒரு வண்டியும் வெளிய போவல.”

அது காண்ட்ராக்ட் வேலை. ஒருநாள் காண்ட்ராக்டர் மாறினார், வேலை போனது. பிறகு இந்தப் பட்டறை. லாரி கேபின், பஸ் பாடி எல்லாவற்றையும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கும் இடம். அங்கேதான் முப்பது வயதான இந்தப் படகு வந்து சேர்ந்தது. அணைப் பக்கம் உள்ள ஒரு ரிசார்ட், கோவா முதலாளியிடம் அதை வாங்கி, புதுசுபோல் ஆக்கித் தரச் சொல்லியிருந்தது. இது பிடித்துப்போனால் இன்னும் மூன்று பழைய படகுகள் வரும். வந்தால் அக்கா பெயிண்ட் ஷாப்புக்குப் பொறுப்பாளர், நிரந்தரம். வராவிட்டால் இந்த மாதத்தோடு சரி. மாலக் நேரடியாகவே சொல்லிவிட்டார்.

“சனிக்கிழம அட்சய திருதி. அன்னிக்கி பூஜை, டெலிவரி. நாளைக்கி வந்து பாரு, உன் கண்ணு அவிஞ்சிடும்” என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக் கதவு திறந்தது. என் கண் அவியத்தான் செய்தது.

அந்தப் படகில் நான் கோவாவில் இரண்டு சீசன் வேலை பார்த்திருக்கிறேன். இருபத்தாறு அடி. முன்பக்கம் நான்கு பேர் படுக்கிற கேபின், பின்பக்கம் திறந்த தளம், தளத்துக்கு அடியில் பெட்ரோல் எஞ்சின். வெயிலில் மஞ்சளடித்து, விரிசல் விட்டு, பாசி பிடித்துக் கிடந்தது எனக்குத் தெரியும். இப்போது லேத்துகளுக்கும் லாரி கேபின்களுக்கும் நடுவில், டிரெய்லர் மேல், முத்துவெள்ளை நிறத்தில் நிற்கிறது. கிட்டே போனேன். என் மூன்று நாள் தாடி அதில் தெரிந்தது. உள்ளே புது மெத்தை, திரை, வரிசையாக விளக்கு. எஞ்சினைத் தண்ணீர்க் குழாய் மாட்டி ஓடவிட்டுக் காட்டினார்கள். புது கார்பரேட்டர், புது வயரிங். அப்படி ஒரு சீரான சத்தத்தை அந்த எஞ்சினிடம் நான் கேட்டதே இல்லை. போசரிக்காரர்களுக்கு எஞ்சினைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெட்டியைப் பிரித்து விசிறியை எடுத்தேன். அதன் குழாய் படகின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை வழியாக வெளியே போகும். ஓட்டை வலதுபக்கம், பின் முனையிலிருந்து மூன்று முழம். கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். கையை வைத்தேன். வழுவழுவென்று இருந்தது.

தவறான பக்கம் போலிருக்கிறது என்று மறுபக்கம் போனேன். அங்கேயும் இல்லை. எஞ்சின் அறைக்குக் காற்றுப் போக நான்கு துவாரங்கள் இருந்தன, அவை இல்லை. தளத்தில் விழும் மழைத்தண்ணீர் வடிய நான்கு, அவை இல்லை. அடியில் சேரும் தண்ணீரைப் பம்பு வெளியே தள்ளும் ஓட்டை இல்லை. பெட்ரோல் டேங்க் மூச்சுவிடும் சின்ன ஓட்டைகூட இல்லை. படகை மூன்று சுற்றுச் சுற்றினேன். மூக்குத் துவாரம் இல்லாத ஒரு முகத்தைத் தடவுவதுபோல் இருந்தது.

“அக்கா, இதுல இருந்த ஓட்டையெல்லாம் எங்க?”

அக்கா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல இடுப்பில் கை வைத்தார். “பத்தொம்போது. எண்ணி எண்ணி அடச்சேன். உள்ளாற ஃபைபர் ஒட்டு, மேல பட்டி, அதுக்கு மேல ஏழு கோட்டு. எங்க இருந்துச்சுன்னு உன்னால கண்டுபுடிக்க முடிதா? அப்புறம் ஷவர் டெஸ்ட் குடுத்தேன் தம்பி. ரெண்டு மணி நேரம். கேபினு ஏக்தம் காஞ்சி கெடந்துச்சு.”

சுற்றி நின்ற பையன்கள் கை தட்டினார்கள். கடலில் எத்தனையோ மோசமான படகுகளில் ஏறியிருக்கிறேன். மரம் உளுத்தது, அடி பிளந்தது, சேலைத்துணியை வைத்து அடைத்தது. ஆனால் இவ்வளவு அழகாக, இவ்வளவு கவனமாக, ஆளைக் கொல்வதற்குத் தயார் செய்யப்பட்ட படகை நான் பார்த்ததில்லை.

மாலக் வந்தார். அறுபது வயது, நெற்றியில் குங்குமம், சட்டைப்பையில் டேப். நான் இந்தியில் சொன்னேன். படகுக்கு இந்த ஓட்டைகள் எல்லாம் வேண்டும் என்றேன். அவர் பட்டறை முழுவதும் கேட்கும்படி மராத்தியில் அறிவித்தார்: “கேளுங்கள்! படகில் ஓட்டை வேண்டுமாம்! இதைச் சொல்லக் கோவாவிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள்!”

சிரிப்பு அடங்குவதற்கு நேரமானது. எனக்கும் அவர்கள் இடத்திலிருந்து பார்த்தால் புரிந்தது. காருக்கு ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது. அப்படியானால் தண்ணீரிலேயே நிற்கிற வண்டிக்கு? வாழ்நாள் முழுக்க ஒழுக்கு பார்த்தவர்கள் வேறு எப்படி யோசிப்பார்கள்?

“மாலக், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்” என்றேன். “காரில் ஒழுகினால் கீழே ரோடு, ஆவி பரவிப் போய்விடும். படகுக்கு அடியில் தொட்டி. அதில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அதை இழுத்து வெளியே விடத்தான் இந்த விசிறி. எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் இதை ஓட்ட வேண்டும். இதற்கு வழியே இல்லாமல் அடைத்திருக்கிறீர்கள்.”

“எங்கே ஒழுகுகிறது? டேங்க் புதுசு. ஸ்டெயின்லெஸ். வெல்டிங்கைப் பார்.”

“டேங்குக்கு மூச்சுக்குழாய் இருக்கிறது, அதன் முனையை அடைத்துவிட்டீர்கள். சூட்டில் பெட்ரோல் பெருகினால் எங்கே போகும்?”

“பூஜை முடியட்டும், பார்க்கலாம்” என்றார் அவர். பிறகு பெட்ரோல் கேன்களை எடுத்துவரச் சொன்னார். வண்டியைக் கைமாற்றும்போது டேங்கைக் கழுத்துவரை நிரப்பிக் கொடுப்பது அவர் பட்டறையின் வழக்கமாம். என் கண்ணெதிரே நிரப்பினார்கள். கோவா முதலாளிக்கு நான்கு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை.

அந்தக் கொட்டகையில் இன்னொன்றையும் கவனித்தேன். நிரப்பும்போது கேனில் இருந்து கொஞ்சம் சிந்தியது. எனக்கு மூக்கு எரிந்தது. வேறு யாரும் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நாளெல்லாம் தின்னரும் பெயிண்டும் மோந்த மூக்குகள். பெட்ரோல் வாசனை அங்கே யாருக்கும் வாசனையே இல்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார். முகம் இறுகியிருந்தது.

“ஏன் தம்பி, ஒரு நாள் சோறு போட்டதுக்கு இதானா? நாலு பசங்க முன்னாடி என் வேலைய கலத்துனு சொல்ற.”

“வேலை தப்புன்னு சொல்லலக்கா. வேலை ரொம்ப நல்லாருக்கு. அதான் பயமா இருக்கு.”

“படிச்சவன் மாதிரி பேசாத.”

நான் என் இடதுபக்கம் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். பாதிதான் இருக்கும். மாலத்தீவில் வேலை பார்த்தபோது நடந்தது. பக்கத்துப் படகில் சமையல்காரர் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். படகின் மேல்தளம் கழன்று துறைமேடையில் வந்து விழுந்தது. நான் இருபதடி தள்ளி நின்றேன், காதோடு போனது. அந்தச் சமையல்காரர் பெயர் அந்தோணி, மணப்பாட்டுக்காரர். அவர் செருப்பு மட்டும் கிடைத்தது.

அக்கா காதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “நீ சொல்றத நான் நம்பல. மாலக் சொல்றதயும் நம்பல. நானு சாக்பீஸத்தான் நம்புவேன்.”

லாரி டேங்க் வெல்டிங்கைச் சோதிக்க அவர்கள் வைத்திருக்கும் முறை அது. மூட்டு முழுக்க சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கிவிடுவார்கள். எங்காவது கசிந்தால் அந்த இடம் கறுக்கும். கைக்குத் தெரியாத ஒழுக்கும் சாக்பீஸுக்குத் தெரியும். அக்கா தளத்துப் பலகையைத் திறந்து, குப்புறப் படுத்து, டேங்கின் மேல் பெட்ரோல் அளவுமானி மாட்டியிருக்கும் வளையத்தை, உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் கசியும் இடத்தை, சுற்றித் தேய்த்தார். ஒரு முழு சாக்பீஸ் தீர்ந்தது. பலகையை மூடினார்.

“காலைல வெள்ளையா இருந்துச்சு, நீ எல்லார் முன்னாடியும் சாரி சொல்ற.”

“சொல்லுதேன்.”

“கறுத்துச்சு…” என்று இழுத்து, கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே இறங்கினார்.

அன்று இரவு சாப்பிடும்போது தனபால் அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வெயிலு ஜாஸ்தி” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை முகூர்த்தம் பத்தரைக்குள். எட்டரைக்கே அக்காவின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நல்ல நாள் என்பதால் பிம்ப்ரி முழுக்க ரோட்டில் இருந்தது. நகைக்கடை வாசலில் வரிசை, புது பைக்குகளுக்கு மாலை, சாமந்திப்பூ வண்டிகள். நாசிக் பாட்டா மேம்பாலத்தில் ஏறும்போது பின் டயர் பஞ்சரானது. கீழே இறங்கி இருவருமாகத் தள்ளினோம். பஞ்சர் கடைக்காரர் கடையைத் திறந்து வைத்துவிட்டுப் பூஜைக்குப் போயிருந்தார். “அஞ்சு நிமிடத்தில் வருவார்” என்று பக்கத்துக் கரும்புச்சாறு வண்டிக்காரர் மூன்று தடவை சொன்னார். கடைசியில் ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் தொற்றினோம்.

“எங்க ஊர்ல இந்நேரம் ரெண்டு பஞ்சர் ஒட்டிருப்பாவ” என்றேன்.

“உங்க ஊர்லயே இருந்திருக்கலாம்ல நீ” என்றார் அக்கா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

போய்ச் சேரும்போது பத்து இருபது. மாலக் காத்திருக்கவில்லை. படகுக்குச் சாமந்தி மாலை போட்டு, வெள்ளைப் பெயிண்டில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் வரைந்திருந்தார்கள். ரிசார்ட் மேனேஜர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். முப்பது பேர் இருப்பார்கள். தகரக் கூரை அதற்குள் சுடத் தொடங்கிவிட்டது. பட்டுப்புடவையில் மாலக்கின் மனைவி, தட்டில் இரண்டு திரி எரிய, படகில் சாத்தியிருந்த ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு ஆரத்தி காட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்வதுதான் முறை. தளத்துப் பலகையை எஞ்சின் தெரிவதற்காகப் பாதி திறந்து வைத்திருந்தார்கள்.

எனக்குக் கத்த வேண்டும் என்று தெரிகிறது, எந்த மொழியில் என்று தெரியவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபக்கம் டிரெய்லர் சக்கரத்தில் கால் வைத்து ஒரே தாவலில் தளத்தில் ஏறினார். குப்புற விழுந்து கையை உள்ளே விட்டார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கையை வெளியே எடுத்துப் பார்த்தார்.

அதற்குள் அந்த அம்மாள் ஏணியின் கடைசிப் படிக்கு வந்துவிட்டார். தட்டு படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே நீண்டது. அக்கா மண்டியிட்டபடியே முன்னால் போனார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளினார். எரிகிற இரண்டு திரியையும் வாயால் ஊதி அணைத்தார்.

பூஜை விளக்கை ஊதி அணைப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கே இருந்த யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதுவும் அட்சய திருதியை அன்று, முதலாளி வீட்டு அம்மாள் கையில் இருந்த ஆரத்தியை. தட்டிலிருந்த அட்சதை சிதறி ஏணிப்படியில் விழும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒரு பெண், “ஐயோ, அபசகுனம்!” என்று மராத்தியில் அழுதுவிட்டாள்.

மாலக்கின் முகம் கறுத்துவிட்டது. “ரேணுகா! உனக்குப் பைத்தியமா?”

அக்கா கையை நீட்டினார். மூன்று விரலிலும் ஈரமாக, சாம்பல் நிறத்தில், சாக்பீஸ் கூழ். “மாலக், சாக்பீஸைப் பாருங்கள்” என்றார். “நேற்று வெள்ளையாக வைத்தேன்.”

மாலக் அந்த விரல்களைத் தொட்டார். கசக்கினார். எண்ணெய்போல் பளபளப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. ஒழுக்குச் சோதனையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் தலையைத் திருப்பிப் பாதி திறந்த பலகையைப் பார்த்தார், பிறகு மனைவி கையில் புகைந்துகொண்டிருந்த திரிகளைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

“எல்லோரும் வெளியே” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். “ஓடாதீர்கள். யாரும் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள்.”

கேட்டுக்கு வெளியே, வெயிலில், உடைக்காத தேங்காயோடு எல்லோரும் நின்றோம். அந்த அம்மாள் ஒரு பழைய லாரி டயரில் உட்கார்ந்து, “என் கையில் விளக்கு இருந்தது, என் கையில் விளக்கு இருந்தது” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிசார்ட் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மற்ற மூன்று படகுகளைப் பற்றி மாலக் கேட்டபோது, “இது முதலில் தண்ணீரில் இறங்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அக்கா சுவர் ஓரமாகத் தனியாக நின்றார். விரலில் சாக்பீஸ் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து, எல்லாக் கதவுகளையும் திறந்து போட்டு, நானும் மாலக்கும் உள்ளே போனோம். பெட்ரோலைக் கைப்பம்பால் இறைத்து வெளியே கொண்டுபோனோம். எல்லாப் பலகைகளையும் கழற்றினோம். கம்ப்ரஸரை வெளியே வைத்து, நீளக் குழாயால் அடித்தொட்டிக்குள் காற்றை விட்டுக்கொண்டே இருந்தோம். சாயங்காலம்வரை நடந்தது. அக்கா உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

முடிந்ததும் மாலக் என்னிடம் கேட்டார். “பத்தொன்பது ஓட்டையும் எங்கே என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“எனக்கு இன்று ராத்திரி பஸ்.”

“பஸ் தினமும் போகிறது” என்றார் அவர். பிறகு, அக்கா நின்ற சுவர்ப்பக்கம் பார்க்காமலே, “அவளையும் எட்டு மணிக்கு வரச் சொல்” என்றார்.

மறுநாள் ஞாயிறு, போசரிக்கு வேலைநாள். எட்டு மணிக்கு மாலக்கின் மனைவி பட்டறைக்கு வந்திருந்தார். கையில் ஒரு தூக்கு. அதை அக்கா கையில் கொடுத்தார். உடனே போய்விட்டார். திறந்தால் பருப்புப் போளி, நெய் வழிந்துகொண்டிருந்தது. அக்கா ஒன்றைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தந்தார். எங்கள் ஊர்ப் போளியைவிட மெல்லிசு.

பிறகு வேலை. மின்சார டிரில் வேண்டாம், பொறி பறக்கும் என்றேன். காற்றில் ஓடும் டிரில் அங்கே நாலைந்து இருந்தது. வட்டமாக அறுக்கும் பல்லை அதில் மாட்டிக்கொண்டேன். முதலில் விசிறிக்கு உள்ள ஓட்டை, மூன்று அங்குலம். இடத்தைக் காட்டினேன். அக்கா சாக்பீஸால் அங்கே வட்டம் போட்டார். டிரில்லைத் தன் கையில் வாங்கி, முத்துவெள்ளையின் மேல் வைத்தார். விசையை அழுத்தவில்லை.

“எனுக்கு ஆவாது தம்பி. நீயே போடு.”

அப்படித்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது. பல் முதலில் பளபளப்பைக் கிழித்தது, பிறகு பட்டி, பிறகு ஃபைபர். வெள்ளைத் தூள் எங்கள் இருவர் மேலும் படிந்தது. வட்டத் துண்டு கழன்று உள்ளே விழாமல் அக்கா கையைக் கொடுத்துப் பிடித்தார். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெங்காயம் நறுக்கியதுபோல் அடுக்கடுக்காகத் தெரிந்தது.

“ஏழு கோட்டும் கீது பாரு. ஒண்ணுகூட விடல நானு.” துண்டைப் போளி இருந்த தூக்கின் மூடிமேல் வைத்தார். அடுத்த வட்டத்தைப் போடக் குனிந்தார்.

“இன்னும் பதினெட்டு கீது. கோணலா போட்டினா, மீதிக் காதையும் அறுத்துடுவேன்.”